மூன்று ஜோடி இலையும் ஒரு வெள்ளை விளக்கும்

நைரோபி, மஜெங்கோ
11 பிப்ரவரி 2018

அண்ணன் லாலிக்குத் தங்கை கோம்போவின் ஸலாம்.

நான் நலம். நீ, திமா மதினி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? உன் முழங்கால் இப்போது மடங்குகிறதா?

நான் ஊருக்குத் திரும்பி வரும்வரை என் குரலைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி போனை வைத்தாய். சரி. குரல் வேண்டாம் என்றுதானே சொன்னாய், எழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லையே. அதனால் எழுதி பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டால் மதினி எனக்குச் சொல்லிவிடுவாள்.

நகுதா ஹேரிக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்திருக்கிறாய். எனக்கு முப்பத்துநான்கு வயது. ஒரு புருஷனையும் பார்த்தாகிவிட்டது, தலாக்கும் வாங்கியாகிவிட்டது. அவருக்குப் பெரிய பாய்மரக் கப்பல் இருந்தால் அதை அவரே ஓட்டட்டும். எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், சுவர் நீளத்துக்கு ஒரு உப்புநீர்க் கண்ணாடித் தொட்டி உண்டு. மீனுக்குத் தீனி போடுவது, கண்ணாடி துடைப்பது, உப்புக் கரைத்து ஊற்றுவது எல்லாம் என் பொறுப்பு. அதில் நம் ஊர்க் கடலோரக் கண்டல் மரம் வளர்க்கப் போகிறேன். மேனேஜர் வச்சீரா சிரித்தார். "ஏம்மா, மீன் தொட்டியில காடா? அப்புறம் குரங்கு வேணும்னு கேப்ப" என்றார். குரங்கு எதுக்கு சார், அதான் நீங்க தினம் வந்து எட்டிப் பாக்குறீங்களே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் வரும் மவ்லிதுக்குள் ஒரு விதையாவது மூன்று ஜோடி இலை விடாவிட்டால், நான் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து ஹேரிக்குத் தலையாட்டுகிறேன். விட்டுவிட்டால், முடியாது என்று நீயே அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பந்தயம் ஹராம் என்று ஆரம்பிக்காதே. இது பந்தயம் இல்லை, ஒப்பந்தம்.

பன்னிரண்டு விதை அனுப்பு. கண்டல் கழி வெட்டப் போகும் படகில் நம் வீட்டுப் பெண்களை ஏற்றியதில்லை. கரையில் அடுக்கிய கழியைப் பார்த்தால் எந்தத் தரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். விதையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை நீதான் பார்த்து எடுக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.
கோம்போ


மதொந்தோனி
2 மார்ச் 2018

கோம்போவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

பன்னிரண்டு விதை. ஈரச் சாக்கில் சுற்றியிருக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும், மீதி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும்.

என்ன விளக்குப் போடுவது என்று அடுத்து கேட்பாய். முப்பது வருஷமாக வெயிலில் வெட்டுகிறவனுக்கு பல்பைப் பற்றி என்ன தெரியும்? கடைக்காரனைக் கேள்.

ஒப்பந்தத்துக்குச் சம்மதம். மவ்லிதுக்கு நீ வரும்போது உடுத்த ஒரு ஜோடி லேஸோத் துணி எடுத்து வைக்கச் சொல்லி திமாவிடம் சொல்லிவிட்டேன். நகுதாவுக்குச் சிவப்புப் பிடிக்குமாம்.

லாலி


நைரோபி
15 ஏப்ரல் 2018

அண்ணனுக்கு ஸலாம்.

நலம். அங்கே மழை தொடங்கியிருக்கும், படகை மேட்டில் ஏற்றிவிட்டாயா?

சிவப்பு லேஸோவை மதினியே உடுத்திக்கொள்ளட்டும். அவள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும்.

பன்னிரண்டில் ஏழு அழுகிவிட்டன. அடியில் கறுத்து, தொட்டால் கையோடு வந்தன. நான் அழவில்லை. விளக்கைச் சந்தேகப்பட்டேன்.

ஓட்டலில் இருந்தது நீல விளக்கு. பவளமும் மீனும் அதன் கீழே மினுமினுக்கும், சாப்பிட வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். செடிக்கு அது போதாது என்று எனக்குத் தோன்றியது. விளக்குக் கடை முதுவாவிடம் போனேன். அவன் ஒரு ஊதா விளக்கை எடுத்து வைத்தான். "அக்கா, செடிக்குன்னே செஞ்சது. போட்டுப் பாருங்க, ஒரே வாரத்துல காடு" என்றான். "ஒரு வாரத்துல காடு வந்துடும்னா எங்கண்ணன் எதுக்கு தம்பி முப்பது வருஷமா சேத்துல நிக்கிறாரு?" என்றேன். வாங்கிவிட்டேன். மாட்டியதும் மீன் ஊதா, சோறு ஊதா, சிரிக்கிற விருந்தாளியின் பல்லும் ஊதா. வச்சீரா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் உறைத்தது. இதுவரை எல்லோரும் தண்ணீருக்குத்தான் வெளிச்சம் போட்டிருக்கிறார்கள்! மூடியோடு ஒட்டி விளக்கு, அதன் கீழே தண்ணீர். கண்டலின் இலை தண்ணீருக்கு மேலே அல்லவா வரும்? விளக்கின் மேலேயே முளைக்கச் சொன்னால் அது எப்படி முளைக்கும்? மூடியைக் கழற்றி எறிந்தேன். பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையாக அடிக்கும் விளக்கு ஒன்று, வெல்டிங் பட்டறை வாசலில் தொங்குமே அது, வாங்கி ஆள் உயரத்தில் தொங்கவிட்டேன்.

ஐந்து விதை பச்சையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல்நுனி கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நகுதாவிடம் சொல்லி வை.

கோம்போ


மதொந்தோனி
9 மே 2018

அன்புள்ள கோம்போவுக்கு,

ஸலாம். நலம். உனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே? நைரோபிக் குளிரில் கால் உறை போடு.

ஐந்து உயிரோடு இருக்கிறதா? நன்றாகப் பார்த்தாயா? ஐந்துமா?

ஏழு அழுகியதற்கு விளக்கு காரணமாக இருக்காது. வேறு காரணம் இருக்கும். அதை விடு.

வெள்ளை விளக்குச் சரி. ஆனால் கிட்டே கட்டாதே. நடுப்பகலில் நம் காட்டில் கண்டல் இலை படுத்திருக்காது, வெயிலுக்குப் பக்கவாட்டைக் காட்டி நிமிர்ந்துகொள்ளும். அதற்கு வெயில் வேண்டும், சூடு வேண்டாம். விதை நுனிக்கு மேலே உன் கையை வை. ஒரு ஃபாத்திஹா ஓதி முடிப்பதற்குள் புறங்கை சுட்டால் விளக்கை ஒரு சாண் ஏற்று. சுடவே இல்லையென்றால் கொஞ்சம் இறக்கு. பொழுது விடிந்து அடைகிற நேரம்வரை எரியட்டும், அதற்கு மேல் வேண்டாம். மரமும் தூங்க வேண்டும்.

இலை வந்ததும் உப்புத் தெறித்து வெள்ளையாகப் படியும். இங்கே மழை கழுவிவிடும், அங்கே யார் கழுவுவது? நல்ல தண்ணீரை நீ தெளிக்க வேண்டும். எவன் சொன்னாலும் நுனியை மட்டும் கிள்ளாதே. இந்தச் சாதி நுனி போனால் எழுந்திருக்காது.

லேஸோ எடுக்கவில்லை. திமாவுக்கு நேரமில்லை.

லாலி


நைரோபி
20 ஜூன் 2018

அண்ணனுக்கும் மதினிக்கும் ஸலாம். பெருநாள் நல்லபடி முடிந்ததா? எனக்காக ஒரு வாய் ஹல்வா தின்றீர்களா?

இலை விட்டுவிட்டது! ஒரு விதை இல்லை, மூன்று. நேற்றுக் காலை எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், உறை பிரிந்து இரண்டு இலை விரிந்திருக்கின்றன. பளபளவென்று, யாரோ வெண்ணெய் தடவியதுபோல. பக்கத்து அறை மாமா ஜுமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா இந்தக் கூத்து? நான் புள்ள பொறந்துருச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

நீ சொன்ன ஃபாத்திஹாக் கணக்கு சரியாக வந்தது. முதலில் சுட்டது, கயிற்றை ஒரு சாண் ஏற்றினேன். கண்ணாடிப் பெட்டி என் கை நீளம்தான் என்பதால் ஒரே விளக்கு ஐந்துக்கும் எட்டுகிறது. கரண்ட் போனால் மட்டும் மரமும் நானும் சேர்ந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு ஜோடி ஆயிற்று. இன்னும் இரண்டு.

நீ ஏன் திடீரென்று இவ்வளவு நல்லவனாகிவிட்டாய்? பயமாக இருக்கிறது.

கோம்போ


மதொந்தோனி
8 ஜூலை 2018

கோம்போ,

ஸலாம். இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைத்தான் இந்தக் கடிதம் முழுக்கக் கேட்கப் போகிறேன்.

சுவர் நீளத் தொட்டி என்று பிப்ரவரியில் எழுதினாய். ஜூனில் அது உன் கை நீளமாகிவிட்டது. ஓட்டல் கூடத்தில் எண்ணெய்ச் சட்டி எங்கிருந்து வந்தது? பக்கத்து அறை மாமா ஜுமா எப்படி அங்கே வந்தார்? காகிதத்தில் எண்ணெய் விரல் பதிந்திருக்கிறது. நான் சேற்றில் நிற்கிறவன்தான், ஆனால் மடையன் இல்லை.

வேலை போய்விட்டதா? மறைக்காமல் எழுது. போயிருந்தால் இப்போதே கிளம்பி வா. ஒப்பந்தம், இலை, விளக்கு எல்லாம் அப்புறம்.

லாலி


நைரோபி
19 ஜூலை 2018

அண்ணனுக்கு ஸலாம்.

உடம்பு நலம். வேலை போய்விட்டது. மே முதல் வாரமே போய்விட்டது. எழுதினால் "வா" என்பாய் என்று தெரியும், அதனால் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், "வா" என்றாய். வரமாட்டேன்.

நடந்தது இதுதான். வெள்ளை விளக்குக் கண்ணைக் கூசுகிறது என்று விருந்தாளிகள் முணுமுணுத்தார்கள். வச்சீரா வந்தார். "பிரியாணி மேல சூரியன் அடிக்குதுன்னு சொல்றாங்கம்மா. அதைக் கழட்டிட்டு பழைய நீலத்தைப் போடு." நான் சொன்னேன், "ஒரு தடுப்புக் கட்டித் தரேன் சார், வெளிச்சம் இலை மேல மட்டும் விழும்." "கழட்டுன்னா கழட்டு." "கழட்டினா அஞ்சும் செத்துப்போகும்." "செத்தா சாகட்டும், அது குச்சிதானே?"

குச்சியாம். குச்சி வெட்டித்தான் நம் வாப்பா நம்மை வளர்த்தார். அந்தக் குச்சிதான் நம் கூரையைத் தாங்குகிறது. "நான் கழட்ட மாட்டேன். வேணும்னா என்னைக் கழட்டிக்கங்க" என்றேன். கழற்றிவிட்டார்.

மூலை விரிசல் விட்டு வெளியே கிடந்த பழைய கண்ணாடிப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன், பசை வைத்து அடைத்தேன். தொட்டித் தண்ணீரை இரண்டு கேன், நத்தை இரண்டு, விதை ஐந்து, விளக்கு, எல்லாவற்றோடும் மட்டாட்டு வேனில் வந்தேன். கண்டக்டர், "அம்மா, இதுக்கெல்லாம் தனி சீட்டா?" என்றான். காலையில் வாசலில் மஹம்ரிப் பணியாரம் சுட்டு விற்கிறேன். என் அறையில் ஜன்னல் இல்லை. அதனால் நான் எந்த விளக்கைப் போடுகிறேனோ அதுதான் சூரியன், கண் கூசுகிறது என்று சொல்ல இங்கே யாரும் இல்லை.

எல்லாம் அந்த ஏழு விதையால் வந்தது. அவை அழுகாமலிருந்தால் நான் விளக்கைச் சந்தேகப்பட்டே இருக்கமாட்டேன், வச்சீராவோடு மல்லுக்கு நின்றிருக்கவும் மாட்டேன். இருக்கட்டும். ஐந்திலும் இப்போது இலை இருக்கிறது.

கோம்போ


மதொந்தோனி
30 ஜூலை 2018

கோம்போவுக்கு மதினி திமாவின் ஸலாம்.

நீ நலமாயிருக்க துஆ செய்கிறேன். பிள்ளைகள் நலம். உன் அண்ணன் நலம் என்று எழுத முடியவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறார்.

அவர் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். கண்டல் விதை பழுத்தால் தலைப்பக்கம் ஒரு மஞ்சள் கழுத்து இறங்கும். அது இறங்கின பிறகுதான் விதை தானாக விழும், தானே மண்ணில் நட்டுக்கொள்ளும். அதற்கு முன் பிடுங்கினால் பிஞ்சு, அழுகிப்போகும். நான் ஃபாஸாக்காரி. எங்களூரில் பெண்கள் நண்டுக்கு முட்டளவு சேற்றில் இறங்குவோம், எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதென்பது உன் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் சாக்கில் சுற்றிய பன்னிரண்டில் ஒன்றுக்குக்கூட மஞ்சள் கழுத்து இல்லை. எல்லாம் மரத்தில் பிடுங்கியது. அவர் தொழுகைக்கு உளூ செய்யப் போனபோது சாக்கைப் பிரித்து, கரையில் நான் பொறுக்கின விதைகளைப் போட்டு மாற்றினேன். ஐந்து மாற்றுவதற்குள் திரும்பிவிட்டார். மனுஷன் அன்றைக்கென்று பார்த்து உளூவைச் சீக்கிரம் முடித்தார்.

ஐந்து பிழைத்தது எப்படி என்று மூன்று மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நேற்றுத்தான் சொன்னேன்.

திமா


நைரோபி
12 ஆகஸ்ட் 2018

லாலிக்கு ஸலாம். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன். நலம் விசாரிக்கவில்லை.

பிஞ்சை அனுப்பினாய். என்னைத் தோற்கடிக்க ஒரு மரத்தின் பிள்ளைகளைப் பிடுங்கிச் சாகக் கொடுத்தாய். அப்புறம் இலையை எப்படிக் கழுவுவது என்று பக்கம் பக்கமாக எழுதினாய். எந்த முகத்தோடு எழுதினாய்?

ஒப்பந்தத்தை நீ முறித்தாய். நான் முறிக்கவில்லை. மவ்லிது வரை அது நிற்கும். நீ ஒளித்து வைத்ததையும் மீறி ஜெயித்துக் காட்டுகிறேன். இரண்டாம் ஜோடி வந்துவிட்டது.

பதில் எழுத வேண்டாம்.

கோம்போ


நைரோபி
19 நவம்பர் 2018

அண்ணனுக்கு ஸலாம்.

எழுதாதே என்றேன், மூன்று மாதம் எழுதாமலே இருந்துவிட்டாய். சொன்ன பேச்சைக் கேட்பவனாக எப்போது மாறினாய்? முழங்கால் எப்படி இருக்கிறது?

நாளை மவ்லிது. பொய் சொல்ல மாட்டேன். ஐந்து மரத்திலும் இரண்டு ஜோடிதான் விரிந்திருக்கிறது. உயரமான மரத்தில் மூன்றாவது ஜோடி உறைக்குள் மூடிக்கொண்டு நிற்கிறது. விரலால் பிரித்துவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது. பிரிக்க மாட்டேன், அது பிஞ்சைப் பிடுங்கிய வேலைபோல் ஆகிவிடும். கழி ஒரு விரல் மெலிந்தாலும் வாப்பா கீழ்த்தரத்தில்தான் அடுக்குவார். ஆகையால் நான் தோற்றேன்.

ஆனால் வரமாட்டேன். எழுதிக்கொடுத்தவள் நானே, மீறுகிறவளும் நானே. நீ ஒருதரம் மீறினாய், நான் ஒருதரம் மீறுகிறேன், சரிக்குச் சரி. மரத்தில் ஒரு இலைகூட இல்லாவிட்டாலும் ஹேரியைக் கட்டிக்கொள்ள மாட்டேன். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஏனோ இலையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். எனக்கு எதற்குச் சாட்சி?

கோம்போ


மதொந்தோனி
19 நவம்பர் 2018

என் தங்கை கோம்போவுக்கு அண்ணன் லாலியின் ஸலாம்.

நீ நலமாயிருக்க வேண்டும். எழுதாதே என்று சொன்னதால் இருந்தேன், இதற்கு மேல் முடியவில்லை.

செய்தது தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நான் செய்தது தப்பு. பிடுங்கும்போது காம்பிலிருந்து பால் மாதிரி கசிந்தது, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பிடுங்கினேன். உன் வேலை போனதைப் படித்தபோது அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. ஊரில் பேசுவார்கள் என்று பயந்தேன், கோம்போ. தலாக் ஆன தங்கை தனியாக நைரோபியில் இருக்கிறாள் என்று பள்ளிவாசல் படியில் பேசினார்கள். அவர்கள் வாயை அடைக்க உன்னைக் கொடுக்கப் பார்த்தேன்.

மூன்றாம் ஜோடி வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் முன்பே போய்விட வேண்டும் என்று இன்று காலை நகுதா ஹேரி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். குடிக்காமலே சொன்னேன்.

"நகுதா, என் தங்கச்சி வரமாட்டா. நைரோபில கண்டல் வளக்குறா."

"எங்க? நைரோபில ஏது கடல்?"

"கண்ணாடிப் பெட்டியில."

"எத்தனை மரம்?"

"அஞ்சு."

அவர் சிரித்தார். "அஞ்சு குச்சிக்காகவா என்னை வேணாங்குறா?"

"இல்ல நகுதா. அஞ்சும் இல்லாட்டியும் வேணாம்னுதான் சொன்னா. முதல் நாளே சொன்னா. எனக்குத்தான் காது கேக்கல."

எழுந்து வந்துவிட்டேன். பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இதோடு பன்னிரண்டு விதை. எல்லாவற்றுக்கும் மஞ்சள் கழுத்து இருக்கிறது. திமாவை வெட்டுப் படகிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். படகுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, நான் எடுத்ததில் மூன்றை என் மேலேயே விட்டெறிந்தாள்.

லாலி


நைரோபி
27 நவம்பர் 2018

அண்ணனுக்கும், படகில் ஏறிய மதினிக்கும் ஸலாம்.

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதைப் படித்திருப்பாய். உன்னுடையதை நான் நாலு தரம் படித்தேன். மஹம்ரி ஒரு சட்டி கருகிவிட்டது.

மவ்லிதுக்கு மறுநாள் காலை மூன்றாம் ஜோடி விரிந்துவிட்டது. ஒரு நாள் தாமதம். ஜெயித்ததாகச் சொல்லமாட்டேன். இந்த விஷயத்தில் நான் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று இப்போது தெரிகிறது.

இங்கே தெருமுனைப் பல் டாக்டரம்மா மஹம்ரி வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு உப்புநீர்த் தொட்டி வைத்துப் பராமரிக்கச் சொல்கிறார். விளக்கு வெள்ளையாகத்தான் இருக்கும், தண்ணீருக்கு இல்லை இலைக்குத்தான் தொங்கும், யார் கண் கூசினாலும் தடுப்புக் கட்டுவேனே தவிர கழற்றமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "பல்லு புடுங்க வர்றவன் கண்ணை மூடிட்டுத்தாம்மா உக்காந்திருப்பான்" என்றார். உன் பன்னிரண்டும் அங்கே போகின்றன.

போன வாரம் வச்சீராவும் வந்தார். தொட்டியில் மரம் எங்கே என்று விருந்தாளிகள் கேட்கிறார்களாம். என்ன விளக்குப் போடணும் என்று கேட்டார். "நீங்க கழட்டச் சொன்னதைத்தான்" என்று சொல்லி இரண்டு மஹம்ரி பொட்டலம் கட்டிக்கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று. குரலைக் கேட்கமாட்டேன் என்று சொன்னவன் நீ. அதனால் நான் கூப்பிட மாட்டேன். போன் சார்ஜில் இருக்கிறது, சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். முதல் ஸலாம் நீ சொல்ல வேண்டும்.

கோம்போ